சிம்பல் எங்கே போனது? எக்ஸ்டென்ஷன் பில்டில் வரும் லிங்கர் பிழைகளைத் தீர்க்கும் வழி

பைத்தானுக்காக சி அல்லது சி++ மொழியில் எழுதிய ஒரு எக்ஸ்டென்ஷனை பில்டு செய்கிறீர்கள். திரையில் நூறு வரி ஓடி, கடைசியில் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று நிற்கிறது. அல்லது பில்டு எந்தக் குறையும் இல்லாமல் முடிந்து, இம்போர்ட் செய்த நொடியில் 'அன்டிஃபைன்ட் சிம்பல்' என்று வருகிறது. புதிதாக இந்தப் பக்கம் வருபவர்களில் பலர் மனம் தளர்வது இந்த இடத்தில்தான். கம்பைலர் பிழை என்றால் கோப்பின் பெயரும் வரி எண்ணும் கிடைக்கும். இங்கே கிடைப்பதோ, நீங்கள் எழுதியதாகவே தெரியாத ஒரு நீளமான பெயர்.

தேடிப் பார்த்தால் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். இந்தப் பேக்கேஜை நிறுவு, அந்த ஆப்ஷனைச் சேர், கம்பைலரை மாற்று. ஒவ்வொன்றாக முயன்று பார்த்தே பொழுது போய்விடும். அப்படி ஊகித்துத் தீர்க்க வேண்டிய பிழையே இல்லை இது. விடை உங்கள் கணினியில் இருக்கும் கோப்புகளுக்குள்ளேயே இருக்கிறது, அதைத் திறந்து பார்க்கக் கருவிகளும் கூடவே இருக்கின்றன. எப்படிப் பார்ப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

லினக்ஸை வைத்தே பேசுகிறேன். மேக்கும் விண்டோஸும் எங்கே மாறுபடும் என்று பிற்பகுதியில் வரும். கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

லிங்கர் என்ன செய்கிறது

கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு மூலக் கோப்பை மட்டுமே பார்க்கும். "இப்படி ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, இரண்டு முழு எண்களை வாங்கும்" என்று ஹெடர் கோப்பு சொன்னால் அதை நம்பிவிடும். அந்த ஃபங்ஷனின் உடல் எங்கே என்று கேட்காது. அது உருவாக்கும் ஆப்ஜெக்ட் கோப்பில் இரண்டு விதமான பெயர்கள் இருக்கும்: இந்தக் கோப்பு தருகிற பெயர்கள், இந்தக் கோப்புக்கு வேண்டிய பெயர்கள். இந்தப் பெயர்களைத்தான் சிம்பல் என்கிறோம். வேண்டிய ஒவ்வொரு பெயரையும், அதைத் தருகிற கோப்போடு பொருத்துவது லிங்கரின் வேலை. தருபவர் இல்லையென்றால் ஒரு பிழை. ஒரே பெயரை இரண்டு பேர் தந்தால் இன்னொரு பிழை.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். ஹெடரைச் சேர்ப்பது வேறு, லைப்ரரியைச் சேர்ப்பது வேறு. ஹெடர் கம்பைலருக்கு, லைப்ரரி லிங்கருக்கு. "ஹெடரைச் சேர்த்துவிட்டேனே, ஏன் இன்னும் கிடைக்கவில்லை என்கிறது?" என்ற கேள்வி இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்புவதால் வருவது.

எந்தப் பிழை வந்தாலும் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பெயர் கிடைக்கவில்லை? யார் அதைக் கேட்கிறார்? யார் தந்திருக்க வேண்டும்? கீழே வரும் படிகள் எல்லாம் இந்த மூன்றுக்கும் விடை தேடுபவைதான்.

படி 1: பிழை எப்போது வந்தது என்று பாருங்கள்

பில்டு ஓடும்போது வந்ததா, இம்போர்ட் செய்யும்போது வந்ததா? லினக்ஸில் பெரும்பாலும் இம்போர்ட்டில்தான் வரும். அதற்குக் காரணம் உண்டு. உங்கள் எக்ஸ்டென்ஷன் பயன்படுத்தும் பைத்தான் ஃபங்ஷன்கள், ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானிடமிருந்தே கிடைக்கும். பைத்தான் 3.8 முதல் லினக்ஸில் எக்ஸ்டென்ஷன்களை பைத்தான் லைப்ரரியோடு இணைப்பதும் இல்லை. ஆகவே பகிர்வு லைப்ரரி (ஓடும்போது ஏற்றப்படும் கோப்பு, உங்கள் எக்ஸ்டென்ஷனும் அந்த வகைதான்) ஒன்றை உருவாக்கும்போது, விடுபட்ட பெயர்கள் பின்னால் கிடைக்கும் என்று லிங்கர் விட்டுவிடுகிறது. நீங்கள் மறந்துபோன சொந்த ஃபங்ஷனும் அந்தத் தாராளத்தில் நழுவிப் போய்விடும். பிறகு பைத்தான் அந்தக் கோப்பை ஏற்றும்போது எல்லாப் பெயர்களும் உடனே பொருந்த வேண்டும் என்று கேட்கிறது. அங்கே உடைகிறது.

அதனால் "பில்டு சரியாகத்தானே முடிந்தது, அப்போ பைத்தானில்தான் கோளாறு" என்று நினைக்க வேண்டாம். தவறு பில்டிலேயே நடந்திருக்கும். தெரிய வந்ததுதான் தாமதம்.

'கேனாட் ஃபைண்ட்' என்று சொல்லி, ஹைஃபன் எல் போட்டு ஒரு லைப்ரரியின் பெயர் வந்தால் அது வேறு வகை. சிம்பல் இல்லை என்பதல்ல, லைப்ரரிக் கோப்பே கிடைக்கவில்லை என்று பொருள். அந்த லைப்ரரி உங்கள் கணினியில் நிறுவியே இருக்கலாம். ஆனால் பல லினக்ஸ் வகைகளில், லிங்க் செய்வதற்கு வேண்டிய கோப்பு 'டெவ்' அல்லது 'டெவல்' என்று முடியும் தனிப் பேக்கேஜில் வரும். அதை நிறுவினால் சரியாகிவிடும்.

படி 2: பெயரை நிதானமாகப் படியுங்கள்

பாதி விடை பெயரிலேயே இருக்கிறது, அவசரத்தில் நாம்தான் படிப்பதில்லை.

சி மொழியில் ஃபங்ஷனின் பெயர்தான் சிம்பலின் பெயர். சி++ அப்படியல்ல. ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் இருக்கலாம் என்பதால், வாங்கும் தரவு வகைகளையும் சேர்த்து ஒரு பெயரைக் கட்டும். 'ஆட்' என்ற ஃபங்ஷன் இரண்டு இன்ட் வாங்குகிறது என்றால் லினக்ஸின் வழக்கமான கம்பைலரான ஜிசிசி வைக்கும் பெயர் இப்படி இருக்கும்: ஓர் அடிக்கோடு, பெரிய இசட், 3 என்ற எண், 'ஆட்' என்ற சொல், அப்புறம் இரண்டு ஐ. 3 என்பது பெயரின் எழுத்து எண்ணிக்கை, இரண்டு ஐ என்பது இரண்டு இன்ட். நீளமான பெயர்களைக் கையால் பிரிக்க வேண்டாம். 'சி++ஃபில்ட்' என்ற கட்டளைக்குப் பின்னால் அந்தப் பெயரை ஒட்டினால், படிக்கக்கூடிய வடிவில் தந்துவிடும்.

இப்போது சில அடையாளங்கள்.

நீங்கள் அழைப்பது சி மொழி லைப்ரரி, ஆனால் பிழையில் வரும் பெயர் அடிக்கோடு இசட்டில் தொடங்குகிறது என்றால், உங்கள் சி++ கம்பைலர் அதை சி++ ஃபங்ஷன் என்று எண்ணிவிட்டது. அந்த ஹெடரைச் சேர்க்கும் வரியை 'எக்ஸ்டர்ன் சி' தொகுதிக்குள் வைத்தால் தீரும்.

பிரித்துப் படித்த பெயரில் இன்ட் இருக்கிறது, நீங்கள் எழுதிய உடலில் லாங் இருக்கிறது என்றால், சி++ பார்வையில் அவை இரண்டு வேறு ஃபங்ஷன்கள். ஹெடரும் உடலும் ஒத்துப்போகவில்லை. ஒரு கான்ஸ்ட் விடுபட்டாலும் சில இடங்களில் இதே கதைதான்.

'விடேபிள் ஃபார்' என்று தொடங்கி ஒரு கிளாஸின் பெயர் வந்தால், அந்தக் கிளாஸில் விர்ச்சுவல் என்று அறிவித்த ஏதோ ஒரு ஃபங்ஷனுக்கு உடல் இல்லை. விடேபிள் எனும் விர்ச்சுவல் ஃபங்ஷன் அட்டவணை, அந்தக் கிளாஸில் உடலைத் தனியே எழுத வேண்டிய முதல் விர்ச்சுவல் ஃபங்ஷன் எந்தக் கோப்பில் இருக்கிறதோ அங்கேதான் உருவாகும். அந்தக் கோப்பு பில்டில் இல்லாவிட்டாலும், டிஸ்ட்ரக்டரை அறிவித்துவிட்டு எழுத மறந்தாலும் இந்தச் செய்தி வரும். செய்தி விடேபிளைச் சொல்லும், தவறு வேறெங்கோ இருக்கும். பலரைச் சுற்றவிடும் செய்தி இது.

பெயர் 'பைஸ்டிரிங்' என்று தொடங்கினால், அது பைத்தான் 2 காலத்து நிரல். பைத்தான் 3-இல் அந்த ஃபங்ஷன்களே கிடையாது. எந்த ஆப்ஷனைச் சேர்த்தாலும் பயனில்லை, அந்த நிரலின் புதிய பதிப்பைத்தான் தேட வேண்டும்.

பெயரின் நடுவே 'சிஎக்ஸ்எக்ஸ்11' என்ற துண்டு தெரிந்தால் கவனியுங்கள். 2015-இல் வந்த ஜிசிசி 5, ஸ்டிரிங்கையும் லிஸ்ட்டையும் புதிய அமைப்புக்கு மாற்றியது. பழைய அமைப்பில் பில்டு செய்த லைப்ரரியும் புதிய அமைப்பில் பில்டு செய்த உங்கள் கோப்பும் சந்திக்கும்போது, ஒரே ஃபங்ஷனுக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு பெயர் இருக்கும். இரண்டையும் ஒரே அமைப்பில் பில்டு செய்வதுதான் வழி.

கடைசியாக, பெயர் நீங்கள் எழுதியதே, ஆனால் ஓர் எழுத்து மட்டும் பிசகியிருக்கிறதா? சி மொழியில் அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால் ஜிசிசி வெகுகாலம் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டது. 2024-இல் வந்த ஜிசிசி 14-தான் அதை இயல்பிலேயே பிழை ஆக்கியது. பழைய கம்பைலர் உள்ளவர்களுக்கு எழுத்துப்பிழை கூட லிங்கர் பிழையாகத்தான் வந்து சேரும். பில்டு வெளியீட்டை மேலே உருட்டி, 'இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்' என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: என்எம் கட்டளையால் கோப்புக்குள் பாருங்கள்

இந்த ஒரு படியைப் பழகிக்கொண்டால் போதும், மற்றவை எளிதாகிவிடும்.

என்எம் என்ற கட்டளை, ஒரு கோப்பிலுள்ள சிம்பல்களைப் பட்டியலிடும். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஓர் எழுத்து இருக்கும். டெக்ஸ்ட் என்ற சொல்லின் முதலெழுத்து பெரியதாக இருந்தால், இந்த ஃபங்ஷன் இங்கே இருக்கிறது, வெளியாருக்கும் தெரியும். அதே எழுத்து சிறியதாக இருந்தால், இருக்கிறது ஆனால் உள்ளுக்குள் மட்டும். பெரிய யு என்றால் இந்தப் பெயர் எனக்கு வேண்டும், என்னிடம் இல்லை என்று பொருள். இந்த மூன்றும் தெரிந்தால் வேலை நடக்கும்.

பகிர்வு லைப்ரரியைப் பார்க்கும்போது '--டைனமிக்' என்ற ஆப்ஷனைச் சேருங்கள். சேர்க்காவிட்டால் பல லைப்ரரிகளில் 'நோ சிம்பல்ஸ்' என்று வரும். லைப்ரரி காலி என்று அதற்குப் பொருளில்லை, சாதாரணப் பட்டியலை நீக்கிவிட்டுத் தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். '--டிமாங்கிள்' சேர்த்தால் சி++ பெயர்கள் படிக்கும்படி வரும். வெளியீட்டை கிரெப் கட்டளைக்கு அனுப்பி, தேவையான பெயரை மட்டும் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் எக்ஸ்டென்ஷன் கோப்பில் பாருங்கள். அங்கே யு என்று இருக்கும். பிறகு அதைத் தந்திருக்க வேண்டிய கோப்பில் பாருங்கள். அங்கே காண்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

எங்கேயுமே இல்லையா? அப்படியென்றால் அந்த உடலைக் கொண்ட மூலக் கோப்பு பில்டுக்குள் வரவில்லை. என் அனுபவத்தில் மிக அதிகம் பார்த்த காரணம் இதுதான். ஒருமுறை ஒரு பெரிய சி++ கோப்பை இரண்டாகப் பிரித்தேன். செட்டப்டூல்ஸ் என்ற பைத்தான் பில்டு கருவியின் எக்ஸ்டென்ஷன் வரையறையில் 'சோர்சஸ்' பட்டியல் இருக்கிறதல்லவா, அதில் புதிய கோப்பின் பெயரைச் சேர்க்கவில்லை. பில்டு எந்த முணுமுணுப்பும் இல்லாமல் முடிந்தது, இம்போர்ட் உடைந்தது. நான் கம்பைலரின் பதிப்பை மாற்றினேன், பைத்தானை மறுபடி நிறுவினேன், இரண்டு நாள் போனது. என்எம் ஒருமுறை ஓட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதனால்தான் இந்தப் படியை இவ்வளவு வற்புறுத்துகிறேன். டெம்ப்ளேட் ஃபங்ஷனின் உடலை ஹெடரில் வைக்காமல் தனிக் கோப்பில் வைத்தாலும் இப்படி எங்கேயும் இல்லாமல் போகும். பயன்படுத்தும் கோப்பு கம்பைல் ஆகும்போது அந்த உடல் கண்ணில் பட்டால்தான் அது உருவாகும்.

சிறிய எழுத்தோடு இருக்கிறதா? ஃபங்ஷனுக்கு முன்னால் ஸ்டாட்டிக் என்று எழுதியிருப்பீர்கள், அல்லது வெளியே காட்ட வேண்டாம் என்று மறைக்கும் ஆப்ஷனோடு அந்த லைப்ரரி பில்டு ஆகியிருக்கும். உங்களுடைய லைப்ரரி என்றால், அந்த ஃபங்ஷனை வெளியே காட்டும் குறிப்பைச் சேருங்கள். அடுத்தவருடையது என்றால், அவர் வேண்டுமென்றே மறைத்திருக்கிறார். அதை அழைக்காமல் இருப்பதே நல்லது, அடுத்த பதிப்பில் அது இல்லாமலே போகலாம்.

பெரிய எழுத்தோடு, ஆனால் பெயர் சற்றே வேறாக இருக்கிறதா? படி 2-க்குத் திரும்புங்கள்.

அதே பெயர், பெரிய எழுத்து, எல்லாம் சரியாக இருக்கிறதா? அப்போது லைப்ரரியில் குறையில்லை. அது உங்கள் பில்டோடு சேரவில்லை, அல்லது ஓடும்போது வேறொரு பிரதி ஏறுகிறது. அடுத்த இரண்டு படிகள் இதற்காக.

படி 4: லைப்ரரி சேர்ந்திருக்கிறதா, சரியான இடத்தில் சேர்ந்திருக்கிறதா

எல்டிடி கட்டளையை உங்கள் எக்ஸ்டென்ஷன் மேல் ஓட்டுங்கள். அது எந்தெந்த லைப்ரரிகளை நம்பியிருக்கிறது, அவை எங்கிருந்து கிடைக்கின்றன என்று காட்டும். வேண்டிய லைப்ரரி அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால், லிங்க் செய்யும்போது அது சேரவில்லை. ஸ்டாட்டிக் லைப்ரரிகள் மட்டும் இதில் தெரியாது, அவை கோப்புக்குள்ளேயே கரைந்துவிடும்.

பெயரைக் கொடுத்தும் சேரவில்லையா? வரிசையைப் பாருங்கள். லினக்ஸின் வழக்கமான லிங்கர், கட்டளையை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரியைச் சந்திக்கும்போது, அதுவரை வேண்டும் என்று பதிவான பெயர்களுக்கு உரிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். கேட்கிறவர் பின்னால் வந்தால் திரும்பிப் பார்க்காது. உபுண்டு போன்ற சில லினக்ஸ் வகைகளில், தேவைப்படாத பகிர்வு லைப்ரரியை விட்டுவிடும் ஆப்ஷன் இயல்பாகவே இயங்குவதால், பகிர்வு லைப்ரரிகளுக்கும் இதே நிலைதான். ஆகவே கேட்கும் கோப்பு முன்னால், தரும் லைப்ரரி பின்னால்.

செட்டப்டூல்ஸ் பயன்படுத்துபவர்கள் இங்கே ஒரு குழியில் விழுகிறார்கள். லைப்ரரியின் பெயரை 'எல்டிஃப்ளாக்ஸ்' என்ற சூழல் மாறியில் போட்டால், அது உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கு முன்னால் போய் உட்காரும். எக்ஸ்டென்ஷன் வரையறையின் 'லைப்ரரீஸ்' பட்டியலில் போட்டால் பின்னால் வரும். பின்னதைச் செய்யுங்கள்.

கணித லைப்ரரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2-இன் வர்க்கமூலத்தைக் கேட்டு ஒரு சிறு சி நிரலை எழுதிப் பார்த்தால், கணித லைப்ரரியைச் சேர்க்காமலே ஓடிவிடும். அதே இடத்தில் ஒரு மாறியை வைத்தால் 'ஸ்குவேர்ரூட்' கிடைக்கவில்லை என்று வரும். முதல் நிரலில் கம்பைலரே விடையைக் கணக்கிட்டு எழுதிவிட்டது, ஃபங்ஷனை யாரும் அழைக்கவே இல்லை. "நேற்று ஓடியது இன்று ஓடவில்லை" என்ற பல புகார்களின் வேர் இப்படிப்பட்ட இடத்தில் இருக்கும்.

படி 5: ஓடும்போது ஏறுவது எந்தப் பிரதி

ஒரே லைப்ரரி ஒரு கணினியில் மூன்று இடங்களில் இருப்பது இன்று சாதாரணம். கணினியோடு வந்தது ஒன்று, கான்டா (பேக்கேஜ்களைத் தனிச் சூழலில் நிறுவும் கருவி) சூழலுக்குள் ஒன்று, நீங்களே பில்டு செய்தது ஒன்று. ஹெடரை ஓரிடத்திலிருந்து எடுத்து, ஓடும்போது இன்னோரிடத்துப் பிரதி ஏறினால் சிம்பல் கிடைக்காது.

எல்டிடி காட்டும் பாதையைப் பாருங்கள், நீங்கள் நினைத்த இடம்தானா என்று. இன்னும் ஆழமாகப் பார்க்க, 'எல்டி_டீபக்' என்ற சூழல் மாறிக்கு 'லிப்ஸ்' என்ற மதிப்பைக் கொடுத்து பைத்தானை ஓட்டுங்கள். எந்த லைப்ரரியை எந்தெந்த இடங்களில் தேடியது, எங்கே எடுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். வெளியீடு மிக நீளம், ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டுத் தேடுங்கள்.

'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.29 கிடைக்கவில்லை' போன்ற செய்தி இந்தக் குடும்பம்தான். அந்த எண் ஜிசிசி 11-ஓடு வந்த சி++ லைப்ரரியைக் குறிக்கும். பில்டு செய்தது புதிய கம்பைலர், ஓடும்போது ஏறியது பழைய லைப்ரரி. கான்டா சூழலில் இது அடிக்கடி நேரும். கம்பைலரையும் அதே சூழலுக்குள் நிறுவி, அங்கேயே பில்டு செய்தால் சிக்கல் தீரும். 'ஜிலிப்சி' என்று தொடங்கும் பதிப்புப் பிழை வந்தால் அது இயங்குதளத்தின் அடிப்படை லைப்ரரி, அதைத் தனியாக மாற்ற முனைய வேண்டாம், கணினியே பழுதாகலாம். எந்தக் கணினியில் ஓட வேண்டுமோ அதிலேயோ, அதைவிடப் பழையதிலோ பில்டு செய்யுங்கள். முன்பே பில்டு செய்த பைத்தான் பேக்கேஜ்களை ('வீல்' கோப்புகளை) வெளியிடுபவர்கள் பழைய அமைப்பில் பில்டு செய்வதும் இதனால்தான். மெனிலினக்ஸ்2014 என்ற வகை, ஜிலிப்சி 2.17 கொண்ட சென்ட்ஓஎஸ் 7-ஐ அடிப்படையாகக் கொண்டது.

இரண்டு பேர் ஒரே பெயரைத் தந்தால்

'மல்டிபிள் டெஃபனிஷன்' என்ற பிழை எதிர்த்திசையில் வருவது. ஹெடரில் ஒரு மாறியை உருவாக்கியிருப்பீர்கள், அந்த ஹெடரைச் சேர்த்த ஒவ்வொரு கோப்பும் அதற்கு ஒரு பிரதி தரும். ஹெடரில் எக்ஸ்டர்ன் போட்டு அறிவிக்க மட்டும் செய்து, ஒரே ஒரு கோப்பில் உருவாக்குங்கள். பழைய சி நிரல் ஒன்று பல வருடம் ஓடிவிட்டு இப்போது இந்தப் பிழையைத் தருகிறது என்றால், 2020-இல் வந்த ஜிசிசி 10-தான் காரணமாக இருக்கும். அதுவரை இப்படிப்பட்ட மாறிகளைத் தானாக ஒன்றாக்கிவிடும் பழக்கம் இருந்தது, அந்தப் பதிப்பில் நிறுத்தினார்கள். அடுத்தவர் நிரலைத் திருத்த முடியாத நிலையில் '-எஃப்காமன்' ஆப்ஷனைக் கொடுத்துப் பழைய நடத்தையைத் திரும்பப் பெறலாம்.

'ரீகம்பைல் வித் பிஐசி' என்று செய்தியே வழி சொன்னால் அப்படியே செய்யுங்கள். நீங்கள் சேர்க்கும் ஸ்டாட்டிக் லைப்ரரியைப் பகிர்வு லைப்ரரிக்குள் வைக்கத்தக்கதாக மறுபடி பில்டு செய்ய வேண்டும். உங்கள் கோப்பை அல்ல, அந்த லைப்ரரியை.

மேக்கும் விண்டோஸும்

மேக்கில் ஒவ்வொரு சி சிம்பலுக்கும் முன்னால் கூடுதலாக ஓர் அடிக்கோடு இருக்கும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். எல்டிடிக்குப் பதில் 'ஓடூல்' கட்டளையைப் பெரிய எல் ஆப்ஷனோடு பயன்படுத்துங்கள். பிழைச் செய்தியில் 'ஃபார் ஆர்க்கிடெக்சர்' என்று இருந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள். ஏஆர்எம்64 என்று கேட்டு, லைப்ரரி பழைய இன்டெல் வகைக்கு மட்டும் பில்டு ஆகியிருந்தால் எல்லாப் பெயர்களும் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போகும். 'ஃபைல்' கட்டளை ஒரு கோப்பு எந்த வகைக்கானது என்று சொல்லிவிடும்.

விண்டோஸில் லிங்கர் இவ்வளவு தாராளமாக இருக்காது. பெரும்பாலும் பில்டிலேயே எல்என்கே2019 அல்லது எல்என்கே2001 என்று நிறுத்திவிடும். கண்டுபிடிக்க அது நல்லதுதான். அங்கே ஃபங்ஷன்கள் தாமாக வெளியே தெரியாது, 'டிஎல்எல்எக்ஸ்போர்ட்' என்று குறிக்க வேண்டும். 'டம்ப்பின்' கட்டளை என்எம் செய்யும் வேலையைச் செய்யும். 32 பிட் லைப்ரரியை 64 பிட் பில்டில் சேர்த்துவிட்டீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்திய பிறகு

பழைய ஆப்ஜெக்ட் கோப்புகள் மிச்சம் இருந்தால், சரியான திருத்தம்கூடத் தவறாகத் தெரியும். 'பில்டு' கோப்புறையை முழுதாக நீக்குங்கள். பிப் வழியாக நிறுவுவதென்றால் '--நோ-கேஷ்-டிர்' சேருங்கள், முன்பு பில்டு செய்து வைத்ததை அது எடுத்துத் தரலாம். பிறகு புதிதாக பில்டு செய்து, என்எம்மை மறுபடி ஓட்டி, காணாமல் போயிருந்த பெயர் இப்போது யு இல்லாமல், டெக்ஸ்டின் பெரிய முதலெழுத்தோடு இருக்கிறதா, அல்லது அதைத் தரும் லைப்ரரி எல்டிடி பட்டியலில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இம்போர்ட் செய்து சோதிக்கும்போது, மூலக் கோப்புகள் இருக்கும் கோப்புறையைவிட்டு வேறோர் இடத்துக்குப் போய்ச் சோதியுங்கள். அங்கேயே நின்று சோதித்தால், நீங்கள் நிறுவியதை விட்டுவிட்டு, அருகில் கிடக்கும் பழைய கோப்பையே பைத்தான் எடுத்துக்கொள்ளக்கூடும். எந்தக் கோப்பு ஏறியது என்பதை, இம்போர்ட் ஆன மாட்யூலின் '__ஃபைல்__' மதிப்பை அச்சிட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள்.